வீட்டுக்குள் ஏது வெயில்?

நாத்தனார் மகள் கல்யாணத்துக்கு ஏலகிரிக்குப் போன சங்கமித்ரா, மத்தியானப் பந்தியில் உட்கார வேண்டிய நேரத்தில், ஹோட்டல் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தாள். கையில் மருதாணி, தலையில் காலையில் வைத்த மல்லிகை, உடம்பில் பழைய டீ ஷர்ட். சொந்தக்காரர்கள் பார்த்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள்.

"மித்ரா, வடை தீர்ந்துபோச்சு. இப்ப சாம்பாரும் தீரப் போகுது. வர்றியா இல்லையா?" வெளியே நின்று கதவைத் தட்டினான் கணவன் எழிலன்.

"இன்னும் ஒரே ஒரு ஏத்தம்தாங்க! பாயசம் மட்டும் எடுத்து வைங்க!"

அவளைக் குறை சொல்லிப் பயனில்லை. மாதாமாதம் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு 'சமவெளி' பந்தயம். அவரவர் வீட்டில், பின்சக்கரத்தைக் கழற்றிய சைக்கிளை ட்ரெய்னர் என்கிற இயந்திரத்தில் மாட்டி மிதிக்க வேண்டும். திரையில் மலையும் சாலையும் ஓடும். அறுநூறு பேருடைய உருவங்களும் ஓடும். நேரம் ஏன் மத்தியானம் இரண்டு என்று கேட்டால், சிட்னிக்காரர்களுக்கு அது இதமான சாயங்காலமாம். ஒரு மாதம் தவறினால் வருடக் கணக்கே போச்சு. மூன்று வருடமாக ஒரு மாதம்கூடத் தவறாதவள், கல்யாணத்துக்காக விடுவாளா? காரின் பின்சீட்டில் ட்ரெய்னரைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள்.

அன்று என்னவோ கால் சொன்ன பேச்சைக் கேட்டது. வழக்கமாக இருநூறாவது ஆளாக மூச்சு வாங்கிக்கொண்டு வருகிறவள், நூறுக்குள் வந்தாள், ஐம்பதுக்குள் வந்தாள். கடைசி ஏற்றத்தில், பெயரை மட்டுமே பார்த்துப் பழகிய ஆட்களையெல்லாம் ஒவ்வொருவராகத் தாண்டினாள். மூன்றாம் இடம்! காதில் மாட்டியிருந்த கருவியில் அவளுடைய அணித் தலைவர், ஆம்பூர் பர்வேஸ் பாய், "டீச்சர்! டீச்சர்! என்ன சாப்பிட்டீங்க இன்னிக்கி?" என்று கத்தினார்.

"இன்னும் சாப்பிடவே இல்ல பாய்!" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் திரை சிவந்துவிட்டது.

'உங்கள் ஓட்டம் உங்கள் நிழலைத் தாண்டிவிட்டது. மோசடி என்று கருதப்படுகிறது.' அதன் கீழே இரண்டு பொத்தான்கள். ஒப்புக்கொள்கிறேன். மறுக்கிறேன்.

நிழல் என்றால் இதுதான். நீங்கள் மிதித்த ஒவ்வொரு மிதியையும், இதயம் துடித்த ஒவ்வொரு துடிப்பையும் வருடக்கணக்கில் சேர்த்து வைத்து, 'இந்த உடம்பால் இவ்வளவுதான் முடியும்' என்று சமவெளி ஒரு கணக்கு உருவாக்கி வைத்திருக்கிறது. பந்தயமோ பயிற்சியோ, அது உங்கள் கூடவே சாம்பல் நிற உருவமாக ஓடும். அதைவிட ரொம்ப வேகமாகப் போனால் எங்கோ மோட்டார் ஒளித்து வைத்திருக்கிறீர்கள். ரொம்ப மெதுவாகப் போனால் கீழ்ப்பிரிவில் இறங்கிப் பரிசு அடிக்கத் திட்டம் போடுகிறீர்கள். இரண்டும் குற்றம். ஆரம்பத்தில் பந்தயத்துக்கு மட்டும் இருந்த சமாச்சாரத்தைப் பிறகு காப்பீட்டுக்காரர்கள் கேட்டார்கள், காவல்துறைத் தேர்வில் கேட்டார்கள், போன வருடத்திலிருந்து கல்யாணத் தரகர்களும் ஜாதகத்தோடு கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். நிழல் சொன்னால் சொன்னதுதான். ஆளைப் பார்த்து யாரும் கேட்பதில்லை.

ஒப்புக்கொண்டால் ஒரே ஒரு மாதம் விலக்கு, பிறகு சத்தமில்லாமல் எல்லோரும் போடுகிற பழைய வெள்ளைச் சட்டை. குறி விழுந்ததுமே திரையில் உங்கள் உருவத்தின் சட்டை சிவந்துவிடும்; மறுத்தால் விசாரணை முடியும் வரை அதே சிவப்புச் சட்டை. விசாரணையில் தோற்றால் வருடம் முழுக்க அதே சட்டை. உலகமே பார்க்கும்.

"ஒப்புக்கோங்க டீச்சர், தொல்லை விட்டுது. எல்லாரும் அதத்தான் செய்றாங்க" என்றார் பர்வேஸ் பாய்.

"நான் மிதிச்சது பாய்! என் கால் இது!"

"எனக்குத் தெரியும். மெஷினுக்குத் தெரியணுமே."

சங்கமித்ரா மருதாணிக் கையால் 'மறுக்கிறேன்' பொத்தானை ஓங்கி ஒரு குத்து குத்தினாள். பிறகு புடவை கட்டிக்கொண்டு போய், ஆறிப்போன பாயசத்தைக் குடித்தாள்.

திங்கட்கிழமை வேலூர் திரும்பியதும்தான் குத்திய குத்தின் வலி தெரிந்தது. அவள் வேதியியல் டீச்சர். பள்ளியில் பிள்ளைகள் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் 'சிசிடிவி மிஸ்'. தேர்வறையில் அவள் நின்றால் அழிப்பானைக் கைமாற்றக்கூட ஒருவனுக்கும் தைரியம் வராது. அப்படிப்பட்டவள் வராந்தாவில் நடக்கும்போது, பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது: "டேய், மிஸ்ஸே பிட்டு அடிச்சிருக்காங்கடா!" திரும்பிப் பார்த்தாள். ஒன்பதாம் வகுப்பு மொத்தமும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பதினைந்து வருட மரியாதை ஒரு வாக்கியத்தில் போயிற்று. ஸ்டாஃப் ரூம் போய்க் கதவை மூடிக்கொண்டு அழுதாள்.

தாளாளர் அம்மா கூப்பிட்டனுப்பினார். நல்ல மனுஷிதான், ஆனால் பிரச்சினை என்றால் பிடிக்காது.

"ஒரு மாசம்தானேம்மா? ஒத்துக்கிட்டா அந்தச் சிவப்பு போயிடுமாமே. பேரன்ட்ஸ் கேக்குறாங்க."

"செய்யாத தப்பை எப்படிங்கம்மா ஒத்துக்கறது? நாளைக்கு ஒரு பையன்கிட்ட நான் எந்த முகத்தோட கேள்வி கேப்பேன்?"

"முகத்தைப் பாத்தா முடியுமா? வாழ்க்கையப் பாரு."

"முகம் இல்லாம வாழ்க்கைய எங்கம்மா பாக்கறது?" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டாள். வெளியே வந்ததும் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தாள். அது வேறு விஷயம்.

விசாரணை அந்த வெள்ளிக்கிழமை, திரையில். நடுவில் விசாரணைக் குழுத் தலைவி ரூத் கமலினி, கண்ணாடியைத் தாழ்த்திப் பார்க்கிற ரகம். பக்கத்தில் ஹரிநந்தன், நிழலை உருவாக்கியவன். முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. அவனும் பந்தயத்தில் முதல் பத்துக்குள் வருகிற ஆள். அந்தத் திமிர் உட்கார்ந்திருக்கும் விதத்திலேயே தெரிந்தது.

"மேடம், உங்க மூணு வருஷ ஓட்டம் எங்ககிட்ட இருக்கு. அதுல ஒரு தடவைகூட இந்த அளவு வந்ததில்ல. திடீர்னு இருபது சதவீதம் அதிகம். மனுஷ உடம்பு அப்படி மாறாது" என்றான்.

"உடம்பு மாறல சார். அறை மாறிச்சு."

"புரியல."

"மூணு வருஷமா நான் ஓட்டினது என் வீட்டு மாடியில, ஆஸ்பெஸ்டாஸ் போட்ட அறையில. மார்கழியிலயும் மத்தியானம் ரெண்டு மணிக்கு அது அடுப்புதான். கீழ இருக்கறது ஒரே பெட்ரூம். அங்க ஏசி உண்டு, ஆனா கட்டிலும் பீரோவும் போக கால் வைக்க இடமில்ல. அதனால மாடி. அன்னிக்கி முதல் தடவையா ஏசி ரூம்ல ஓட்டினேன். அவ்வளவுதான்."

ஹரிநந்தன் புன்னகைத்தான். சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிற புன்னகை. "வெளியில நடக்கற பந்தயத்துல காத்து, மழை, வெயில்னு ஆளுக்கு ஒண்ணு இருக்கும். அந்த வித்தியாசமே இருக்கக் கூடாதுன்னுதான் பந்தயத்தை வீட்டுக்குள்ள கொண்டு வந்தோம். அதனாலதான் சமவெளின்னு பேரே வச்சோம். வீட்டுக்குள்ள ஏது மேடம் வெயில்?"

சங்கமித்ராவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு பற்றிக்கொண்டு வந்தது.

"அறையோட சூட்டைக் கேட்டு உங்க நிழல்ல ஒரு கட்டமாவது இருக்கா சார்?"

"தேவைப்படல."

"வேலூருக்கு எப்பவாவது வந்திருக்கீங்களா?"

"ஒரு தடவை. கோயிலுக்கு."

"ஏசி கார்லயா?"

அவன் எதிரிலிருந்த காகிதங்களைப் புரட்ட ஆரம்பித்தான்.

"அப்ப ஒண்ணு பண்ணுங்க. அடுத்த பந்தயத்தை என் மாடியில வந்து ஓட்டுங்க. நான் உங்க பக்கத்துலயே ஓட்டறேன். உங்க நிழல் உங்களப் பத்தி என்ன சொல்லுதுன்னு பாப்போம். நான் பொய் சொல்றேன்னா, பள்ளிக்கூடத்து வாசல்ல நின்னு நானே ஒத்துக்கறேன். போதுமா?"

ரூத் கமலினி, "இதெல்லாம் நடைமுறையில இல்ல" என்று ஆரம்பித்தார்.

"வர்றேன் மேடம்" என்றான் ஹரிநந்தன். ரோஷக்காரன். அந்த ஒரு குணத்துக்காக அவனைப் பாராட்டத்தான் வேண்டும்.

வந்தான். அக்கினி நட்சத்திரம் கொளுத்துகிற மே மாதத்து ஞாயிறு. காரிலிருந்து தன் சைக்கிளையும் ட்ரெய்னரையும் இறக்கி மாடிப்படி ஏறுவதற்குள் அவன் சட்டை முதுகில் ஒட்டிவிட்டது. அறைக்குள் நுழைந்தவன் வாசலிலேயே நின்றான்.

"ஏசி..."

"ஃபேன் இருக்கு சார். விருந்தாளியாச்சேன்னு உங்க பக்கமே திருப்பி வச்சிருக்கேன்" என்றாள் சங்கமித்ரா.

அந்த ஃபேன் செய்த உபகாரம், அடுப்பு அனலை ஊதி முகத்தில் அடித்ததுதான். எழிலன் சுவரில் ஒரு வெப்பமானி மாட்டியிருந்தான். நாற்பத்து மூன்று காட்டியது. "இது கம்மிதான் சார். போன வாரம் மெழுகுவத்தியே வளைஞ்சுபோச்சு" என்றான் எழிலன். குரலில் பெருமை வேறு!

இரண்டு மணிக்குப் பந்தயம் தொடங்கியது. திரையில் ஹரிநந்தன் வெள்ளைச் சட்டையில் முன்னால் பறந்தான். சங்கமித்ராவின் உருவம் மட்டும் கூட்டத்தில் சிவப்பாக, இருநூறு பேருக்குப் பின்னால். முதல் ஏற்றம் வரை அவன் பேசிக்கொண்டே வந்தான், இதயத் துடிப்பைப் பற்றியும் வியர்வை ஆவியாவதைப் பற்றியும். இரண்டாவது ஏற்றத்தில் பேச்சு நின்றது. மூன்றாவதில் தண்ணீர் கேட்டான். அவனுடைய சாம்பல் நிழல் அவனைத் தாண்டி முன்னால் போயிற்று. அவன் பல்லைக் கடித்து மிதித்தான். நிழல் இன்னும் தூரம் போயிற்று. தன் கையால் செய்த பொம்மை தன்னை விட்டுவிட்டுப் போவதை அவன் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நிறுத்திக்கலாம் சார். மயக்கம் வந்துடப் போகுது" என்றாள் சங்கமித்ரா. பாதி இரக்கம், பாதி குறும்பு.

"முடிப்பேன்."

கடைசி ஏற்றத்தில் அவள் அவனைத் தாண்டினாள். திரும்பிப் பார்த்து ஒரு சிரிப்பும் சிரித்தாள். சிரிக்காமல் இருந்திருக்கலாம் என்று யாராவது சொன்னால், அவர்கள் சிவப்புச் சட்டை போட்டுப் பார்த்ததில்லை என்று அர்த்தம்.

அவள் வழக்கம்போல இருநூறை ஒட்டி முடித்தாள். திரை பச்சை காட்டியது: 'நிழலோடு ஒத்துப்போகிறது.' அவன் அவளுக்கும் வெகு பின்னால் வந்தான். இறங்க முடியாமல் சைக்கிள் கைப்பிடியில் தலையைச் சாய்த்திருந்தவனின் திரை, சிவந்தது.

'நீங்கள் வேண்டுமென்றே மெதுவாக ஓட்டியிருக்கிறீர்கள். மோசடி என்று கருதப்படுகிறது.'

எழிலன் உப்புப் போட்ட மோரை நீட்டினான். ஹரிநந்தன் ஒரே மடக்கில் குடித்தான். அதற்குள் அழைப்பு வந்துவிட்டது. ரூத் கமலினி.

"என்ன ஹரி இது? பாவம் பாத்து விட்டுக்குடுத்துட்டியா?"

 சங்கமித்ரா அவன் வாயையே பார்த்தாள். 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் அவன் மானம் தப்பும், அவள் மானம் போகும்.

"விட்டுக்குடுக்கல மேடம்" என்றான். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு, "முடியல" என்றான்.

மறுமுனையில் ரூத் கமலினி பெருமூச்சு விட்டார். "சரி, இதை இங்கேயே விட்டுடுவோம். உன் சிவப்பை நான் அழிச்சுடறேன்."

"இவங்களோடது?"

"அதைத் தனியா பாத்துக்கலாம். அறை சூடுன்னு ஒத்துக்கிட்டோம்னா எத்தனை பேர் நிழல் தப்பாகும்னு யோசிச்சியா? காப்பீடு, வேலை, எல்லாம் இதை நம்பி நிக்குது ஹரி."

"அதத்தான் யோசிக்கிறேன்" என்று அழைப்பைத் துண்டித்தான். திரையில் இரண்டு பொத்தான்களும் காத்திருந்தன. அவன் விரல் வழுக்கியது. துண்டில் துடைத்துக்கொண்டு 'மறுக்கிறேன்' என்பதைத் தொட்டான்.

"வேலை போயிடும் சார்" என்றாள் சங்கமித்ரா. இப்போது அவள் குரலில் குறும்பு இல்லை.

"போகட்டும் மேடம். இன்னொரு மோர் கிடைக்குமா?"

வேலை போயிற்று. ஜூன் மாதம் பிறந்ததும் சங்கமித்ராவுக்குச் சமவெளியிலிருந்து செய்தி வந்தது: உங்கள் மீதான குறிப்பு நீக்கப்படுகிறது. ஏன் போட்டோம், ஏன் எடுத்தோம், ஒரு வார்த்தை இல்லை. மன்னிப்பு என்ற சொல் மருந்துக்கும் இல்லை. அடியிலே இன்னொரு வரி இருந்தது. ஜூலையிலிருந்து, அறையின் வெப்பம் இருபத்து நான்கு டிகிரிக்கு மேல் போகாது என்று நிரூபிப்பவர்கள் மட்டுமே பந்தயத்தில் கலந்துகொள்ளலாம்.

"அப்பாடா, முடிஞ்சுதா?" என்றார் தாளாளர் அம்மா.

"முடிஞ்சுதாவா? திருடி இல்லைன்னு சொல்லலைங்கம்மா. போனா போகுதுன்னு விட்டிருக்காங்க. கூடவே, ஏசி இல்லாதவன் வெளிய போன்னு கதவைச் சாத்தியிருக்காங்க!"

வீட்டுக்கு வந்தும் ஆறவில்லை. பர்வேஸ் பாய்க்குப் போன் போட்டு அரை மணி நேரம் பொரிந்தாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி டீச்சர், ஞாயித்துக்கிழமை பாப்போம்" என்று மட்டும் சொன்னார். மனுஷன் ஏதோ விழுங்குகிறார் என்று அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

ஜூன் பந்தயம். மாடியறை. வெப்பமானியில் நாற்பது. கடைசித் தடவை என்று நினைத்துக்கொண்டு சைக்கிளில் ஏறி உட்கார்ந்தாள். திரை விரிந்தது. தொடக்கக் கோட்டைப் பார்த்தவளுக்கு ஒரு நிமிடம் கண்ணில்தான் ஏதோ கோளாறு என்று தோன்றியது.

கோடு முழுக்கச் சிவப்பு. முன்வரிசை, பின்வரிசை, ஓரம், நடு. அங்கங்கே சில வெள்ளைச் சட்டைகள் வழி தவறி வந்ததுபோல நின்றன.

"பாய்! என்ன பாய் இது?"

"ஒண்ணுமில்ல டீச்சர். உங்க மாடிக் கதையை ஹரி சார் எல்லா அணிக்கும் சொன்னாரு. பசங்க நம்பல. சரி, ஏசியை அணைச்சுட்டு பயிற்சியில ஒரு தடவை ஓட்டிப் பாருங்கடான்னேன். நாகர்கோவில்ல ஒருத்தன் ஓட்டினான். யாழ்ப்பாணத்துல ஒரு பொண்ணு. துபாய்ல எங்க மச்சான். நானும் ஓட்டினேன், நாக்கு தள்ளிப்போச்சு! அப்புறம் அணி அணியா ஓட்டினாங்க. எல்லாருக்கும் செவப்பு. வேணும்னே மெதுவா ஓட்டினோமாம்." அவர் குரலைத் தாழ்த்தினார். "ஒத்துக்கோங்கன்னு உங்ககிட்ட சொன்னவன் நான்தானே டீச்சர். நான் மறுத்துட்டேன். எல்லாரும் மறுத்துட்டாங்க."

சங்கமித்ராவுக்குக் கண் கலங்கியது. வியர்வையா கண்ணீரா என்று அவளுக்கே தெரியவில்லை. முன்வரிசையில் ஹரிநந்தன் என்ற பெயரும் சிவப்பில் நின்றது. சந்தோஷம் பொங்கிய அதே வேகத்தில் இன்னொன்றும் உறைத்தது. அந்தச் சிவப்புக் கூட்டத்தில் அவள் மட்டும் பளிச்சென்று வெள்ளையில் நின்றாள். எல்லோரும் சீருடையில் வந்த நாளில் கலர் டிரஸ்ஸில் வந்து மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி.

"எனக்குச் செவப்பு வேணும் பாய்."

"உங்களுக்கு எப்படி டீச்சர் தருவாங்க? உங்க நிழலே இந்தச் சூட்டுல பொறந்தது. நீங்க எப்பவும்போல ஓட்டினா பச்சைதான். மெதுவா ஓட்டினா வேணா..."

"மெதுவாவா? நானா?"

மணி அடித்தது. அறுநூறு பேரும் புறப்பட்டார்கள்.

அன்று அவள் ஓட்டிய ஓட்டத்தை எழிலன் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறான். முதல் ஏற்றத்தில் சாம்பல் நிழல் அவள் தோளோடு தோளாக வந்தது. மூன்று வருடமாக அப்படித்தான் வருகிறது. இவ்வளவுதான் நீ, இவ்வளவுதான் நீ என்று ஒவ்வொரு மிதியிலும் சொல்லிக்கொண்டு வருகிறது. இரண்டாவது ஏற்றத்தில் அவள் கியரை ஏற்றினாள். தொடை எரிந்தது. நெஞ்சு காதுக்குள் அடித்தது. எழிலன் குடத்துத் தண்ணீரைத் தலையில் ஊற்றினான். அது தரையில் விழுந்து கொஞ்ச நேரத்தில் காய்ந்துபோயிற்று.

"மித்ரா, போதும்டி! உடம்பு என்னத்துக்கு ஆகும்?"

"ஊத்துங்க! பேசாம ஊத்துங்க!"

நிழல் ஒரு சக்கரம் பின்தங்கியது. முன்னால் போன சிவப்புச் சட்டைகளை அவள் தாண்டத் தாண்ட, காதில் தெரியாத குரல்களெல்லாம் கேட்டன. "விடாதீங்க டீச்சர்!" "அக்கா, ஏறுங்க அக்கா!" யாழ்ப்பாணத்துப் பெண்ணாக இருக்க வேண்டும், ஒரு குரல் "இன்னும் கொஞ்சம்தான் அக்கா, விட்டுடாதேங்கோ!" என்றது. நிழல் ஒரு சைக்கிள் நீளம் பின்னால் போயிற்று. பிறகு இரண்டு. கண்ணுக்கு முன்னால் பூச்சி பறந்தது. ஒன்பதாம் வகுப்பு வராந்தா ஞாபகம் வந்தது. இன்னும் ஓங்கி மிதித்தாள்.

திரும்பிப் பார்த்தாள். வளைவில் சாம்பல் உருவத்தைக் காணோம்.

அப்போது திரையில் அவள் தோள்பட்டையிலிருந்து ஆரம்பித்து, முதுகு, கை என்று, வெள்ளை மெல்ல மெல்லச் சிவந்தது. காதில் ஆம்பூரும் நாகர்கோவிலும் துபாயும் ஒரே நேரத்தில் ஆர்ப்பரித்தன. எழிலன் காலிக் குடத்தோடு குதித்தான்.

இரண்டு பொத்தான்களும் வந்து நின்றன. சங்கமித்ரா ஈரக் கையைச் சட்டையில் துடைத்து, மிதிப்பதை நிறுத்தாமலே, 'மறுக்கிறேன்' என்பதை அழுத்தினாள். ஏற்றம் இன்னும் பாக்கி இருந்தது.